சமையலறையா, பயணியர் உணவா?

சிங்கப்பூரிலிருந்து ஸ்பெயினின் சாந்தியாகோ நகரை நோக்கிய பல நாள் நடைப்பயணத்துக்குப் புறப்படும் சைவ உணவுக்காரர்கள், விடுதியில் சமைப்பதா, உணவகத்தில் உண்பதா என்று தயங்குகிறார்கள்.

செலவு: நால்வர் சேர்ந்து சமைத்தால் மலிவு, தனியாளுக்கோ மீந்த அரிசி முதுகில் சுமையாகும்.

வசதி: சாந்தியாகோ அமைந்துள்ள கலீசியா பகுதியின் அரசு விடுதிகள் பலவற்றில் அடுப்பு இருக்கும், பாத்திரம் இருக்காது, ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருப்பதால் சனிக்கிழமையே காய்கறி வாங்கிவிட வேண்டும். நடைப்பயணிகளுக்கென உணவகங்கள் தரும் ‘பயணியர் உணவு’ ரொட்டியோடு மூன்று சுற்றாக வரும். ஆனால் கீரை சூப்பில்கூடப் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கலாம் என்பதால் கேட்டே உண்ண வேண்டும்.

அசைவர்களுக்கும் தனியே நடப்போருக்கும் உணவகமே போதும். சைவர்கள் சேர்ந்து சமைப்பதே நல்லது என்பேன்: சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வாங்கிய ரசப்பொடியும் ஒரு சிறு பாத்திரமும் உடனிருக்கட்டும், நெய் மட்டும் வேண்டாம், பால்பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுசெல்லத் தடை உண்டு.