நாசா கையேடா, என்பிடெல் வகுப்பா: ஞாயிற்றுக்கிழமை வாத்தியாருக்கு எது தோது?

அமெரிக்காவில் சிவில் ஏர் பேட்ரோல் என்றொரு தன்னார்வ அமைப்பு இருக்கிறது. விமானவியலில் தேற விரும்பும் தன் உறுப்பினர்களுக்குத் தனியாக ஒரு தேர்வு வைத்து, பாஸானால் யேகர் விருது தருகிறது. 1947இல் ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறந்த சக் யேகரின் பெயரில் அமைந்த விருது அது. ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்ற எங்கள் ஊரில் எனக்கு அப்படியொரு தேர்வை வைத்தவன் ஏழாம் வகுப்புப் பையன்.

ஞாயிறு காலையில் மீனவப் பிள்ளைகள் இருபது பேருக்கு விமானம், ராக்கெட் பற்றிச் சொல்லித்தருகிறேன். சம்பளமெல்லாம் கிடையாது. உச்சிப்புளி கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் தலைக்கு மேலே போகும் ஊர், கலாம் பிறந்த தீவு பாலத்துக்கு அந்தப் பக்கம். ஆர்வத்தை நான் ஊட்ட வேண்டியதே இல்லை.

அன்று இறக்கை எப்படித் தூக்குகிறது என்ற பாடம். நான் பள்ளியில் படித்ததையே ஒப்பித்தேன். மேல்பக்கம் வளைவு, அதனால் பாதை நீளம். கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் பின்முனையில் சேர வேண்டும் என்பதால் மேல் காற்று வேகமாக ஓடுகிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும். பையன் எழுந்தான். "சார், எங்க தாத்தாவோட வத்தைப் படகுல பாய் ஒத்தத் துணிதானே. ரெண்டு பக்கமும் நீளம் ஒண்ணுதான். அப்ப குறுக்குக் காத்துல அது எப்படி இழுத்துக்கிட்டு ஓடுது?"

அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து ஒன்றரை வருடமாக நானே மாணவன். நான்கு இடங்களில் படித்துப் பார்த்தேன். நான்கிலும் படிப்பதற்குக் காசு கிடையாது, நான்கும் பெரும்பாலும் ஆங்கிலம்தான். அதில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ வெளியிடும் விமானிகளுக்கான அறிவுக் கையேடு. பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம். வானிலை அத்தியாயம் அருமை. வேகத்தை 'நாட்' (மணிக்கு ஒரு கடல் மைல்) அளவில் சொல்வதும் நம் பிள்ளைகளுக்குப் பழகிய கணக்குதான். ஆனால் பாதிக்கு மேல் விமானம் ஓட்டப்போகிறவருக்கானது. வான்வெளி விதிகள் அந்த ஊருடையவை. இங்கே நம் விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ சொல்வதுதான் சட்டம். எடுத்துப் பார்க்கும் புத்தகமாக வைத்துக்கொண்டேன், பாடப்புத்தகமாக அல்ல.

அடுத்து டேராடூனில் உள்ள இஸ்ரோவின் ஐஐஆர்எஸ் நடத்தும் இணைய வகுப்புகள். தொலையுணர்வு, செயற்கைக்கோள் படங்கள் இவற்றின் பக்கம் போக இது நல்ல வழி. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் மீன் கிடைக்கும் பகுதி என்று அறிவிக்கிறதே, அது கடல் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோளில் அளந்து சொல்வது என்று பிள்ளைகளுக்கு விளக்க இந்த வகுப்புதான் எனக்குத் தெம்பு கொடுத்தது. ஆனால் முடித்தது ஒரே ஒரு பாடம். அதை வைத்து மொத்தத்துக்கும் மார்க் போடுவது நியாயமில்லை.

மிச்சம் இரண்டு. உண்மையான போட்டி இவற்றுக்கிடையில்தான்.

என்பிடெல் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஐஐடி பேராசிரியர்களின் வீடியோ, வாராவாரம் வீட்டுப்பாடம், விரும்பினால் கட்டணம் கட்டி நேரில் தேர்வு. நூற்றுக்கு 75 தேர்வுக்கு, 25 வீட்டுப்பாடத்துக்கு. கணக்கு பிடிக்கும் ஆளுக்கு விருந்து. எனக்கு இரண்டு இடத்தில் இடித்தது. ஒன்று, காற்றும் மழையும் வந்தால் எங்கள் பக்கம் சிக்னல் போய்விடும். வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். அதுகூடப் பரவாயில்லை, முன்னாடியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதுதான் பெரிய இடி. பேராசிரியர் சரியானதை மட்டும் சொல்லிக்கொண்டு போகிறார். நான் தலையாட்டிக்கொண்டே கேட்கிறேன். என் தலைக்குள் இருக்கிற தப்பு அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

நாசா கிளென் மையத்தின் தொடக்கநிலை விமானவியல் கையேடு இந்த இடத்தில்தான் என்னை வாங்கிவிட்டது. தூக்குவிசை பற்றிய தவறான விளக்கங்களுக்கென்றே அதில் தனிப் பக்கங்கள் இருக்கின்றன. முதல் பக்கத்திலேயே நான் ஒப்பித்த 'ஒரே நேரத்தில் சேர வேண்டும்' கதை! அப்படிச் சேர வேண்டிய கட்டாயம் காற்றுக்கு எதுவும் இல்லை, மேல் காற்று உண்மையில் முன்னதாகவே பின்முனையைத் தாண்டிவிடுகிறது என்று படித்தபோது வெட்கமாகத்தான் இருந்தது. கல் தண்ணீரில் தத்திப் போவது போல என்ற விளக்கம், குறுகிய குழாய் போல என்ற விளக்கம் இரண்டும் ஏன் போதாது என்றும் அங்கே இருக்கிறது.

படித்ததோடு நிற்கவில்லை. அதிலேயே ஃபாயில்சிம் என்ற உருவகச் செயலி உண்டு. இறக்கையின் தடிமனைக் குறைத்துக்கொண்டே போனேன், வளைவை மட்டும் அப்படியே வைத்தேன். தகடாக மெலிந்த பிறகும் தூக்குவிசை போகவில்லை. அதுதானே பாய்! வளைந்த துணி காற்றைத் திருப்பிவிடுகிறது, திரும்பும் காற்றால் ஒரு பக்கம் அழுத்தம் குறைகிறது, மறுபக்கம் கூடுகிறது, படகு இழுபடுகிறது. பாதை நீளத்துக்கு இதில் வேலையே இல்லை. மறு ஞாயிறு லேப்டாப்பில் இதைக் காட்டினேன். பையன், "இதத்தான் சார் நானும் கேட்டேன்" என்றான்.

ராக்கெட் பகுதியும் அதே மாதிரி கைக்கு உதவியது. நாங்கள் பாட்டிலில் செய்த தண்ணீர் ராக்கெட் கச்சான் காற்றில் அடித்துக்கொண்டு போகும் என்று நினைத்தால், காற்றை எதிர்த்தே மூக்கைத் திருப்பியது. கோளாறு என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிட்டார்கள். கோளாறு இல்லை. துடுப்புகள் எடைமையத்துக்குப் பின்னால் இருப்பதால் பக்கக் காற்று வாலைத் தள்ளுகிறது, மூக்கு காற்று வரும் திசையை நோக்கித் திரும்புகிறது. எடைமையத்தில் கயிறு கட்டித் தலைக்கு மேல் சுற்றிப் பார்க்கும் சோதனையையும் அங்கேதான் கற்றேன். மூக்கு முன்னே பார்த்துச் சுற்றினால் ராக்கெட் நிலையானது. செலவு கொஞ்சம் தூண்டில் கயிறு.

பராமரிப்பு என்று பார்த்தால், பக்கங்கள் எழுத்தும் படமும்தான். ஒரு தடவை அச்சடித்தால் மழைக்காலம் முழுக்க ஓடும். ஃபாயில்சிம் முன்பு ஜாவாவில் ஓடியது, இன்றைய பிரவுசரில் அது திறக்காது. ஜாவாஸ்கிரிப்ட் பதிப்பைத் தேடித் திறக்க வேண்டும். இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீணாய்ப் போனது எனக்கு.

குறையும் உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது குலசேகரப்பட்டினத்துல எதுக்கு சார் இன்னொரு ஏவுதளம்?" ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கைக்கு மேலே போகாமல் வளைந்து போக வேண்டும், எஸ்எஸ்எல்வி போன்ற சின்ன ராக்கெட்டுக்கு அந்த வளைவு கட்டுபடியாகாது என்று சொன்னேன். "வளைஞ்சா என்ன குறைஞ்சிரும்?" என்றாள். உதாரணத்துக்கு, வேகம் மாறாமல் 60 பாகை திரும்ப, போய்க்கொண்டிருக்கும் வேகத்துக்குச் சமமான வேகத்தை இன்னொரு தடவை ஊட்ட வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும் அளவுக்கு எனக்கு நாசா கையேடு போதவில்லை. என்பிடெல்லின் விண்பயண இயக்கவியல் வீடியோதான் கைகொடுத்தது. பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளைகளோடுதான் எனக்குப் பழக்கம். மேல்நிலை வகுப்புக்கோ என்சிசி விமானப் பிரிவுக்கோ சொல்லித்தருகிறவர் என்பிடெல்லை முதலில் வைத்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

அந்த விண்பயண இயக்கவியல் பாடத்துக்கு இந்தத் தடவை பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டேன். தேர்வு எழுத மதுரைக்குப் போக வேண்டும். ரயிலில் படித்துக்கொண்டு போக நாசா பக்கங்களைத்தான் பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.