டிடிஆர்5 6000: பெட்டியில் போட்ட வேகத்தில் நீண்ட நாள் ஓட்டினால்

ரைசன் 7000 வரிசை ப்ராசசர், பி650 போர்டு, 16 ஜிபி ரேம் ஸ்டிக் இரண்டு, வேகம் டிடிஆர்5 6000, தாமதம் (டைமிங்) சிஎல்30, 1.35 வோல்ட். வீட்டில் சொந்தமாக அசெம்பிள் செய்கிறவர்கள் பலர் வாங்குவது இதைத்தான். ஒழுங்காக ஓடும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. தடுமாற ஆரம்பித்தால்தான் தலைவலி. குரோம் டேப் தானாகச் செத்துப்போகும். 7-ஜிப்பில் பெரிய கோப்பை விரித்தால் தரவு சிதைந்தது என்று சிஆர்சி பிழை வரும். கேம் ஒரு வார்த்தை சொல்லாமல் டெஸ்க்டாப்புக்குத் தள்ளிவிடும். ப்ளூ ஸ்க்ரீன் ஒவ்வொரு தடவையும் வேறு பெயர் சொல்லும். மெமரி மேனேஜ்மென்ட், பேஜ் ஃபால்ட், ஐஆர்க்யூஎல் என்று காரணம் மாறிக்கொண்டே இருந்தால் ரேம் பக்கம் திரும்பலாம். ஒரே டிரைவரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் முதலில் அந்த டிரைவரைப் பாருங்கள்.

இதில் பலரும் தவறவிடும் விஷயம், 6000 என்பதே ஓவர்கிளாக், அதாவது அறிவித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது என்பது. ரைசன் 7000-க்கு ஏஎம்டி அறிவித்த உச்ச வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200. நான்கு ஸ்டிக் போட்டால் 3600தான். பயோஸில் எக்ஸ்போவை, அதாவது பெட்டியில் போட்ட வேகத்தை ஒரே சொடுக்கில் தரும் அமைப்பை, ஆன் செய்வதும் ஏஎம்டியின் கணக்கில் ஓவர்கிளாக்கிங்தான், வாரண்டி நிபந்தனைகளும் அப்படியே சொல்கின்றன. பெட்டியில் இருக்கும் எண் அந்த ஸ்டிக்கால் முடியும் என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். ப்ராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரும் போர்டும் அதற்கு ஈடுகொடுக்குமா என்பது தனிக் கேள்வி. ஆகவே ஸ்டிக்கைக் கழற்றிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன், எக்ஸ்போவை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். பெரும்பாலான கிட் (ஒரே பெட்டியில் வரும் ஸ்டிக் ஜோடி) 4800-க்கு இறங்கும். அதில் சுத்தமாக ஓடினால் ஸ்டிக் பிழைத்தது, இனி அமைப்புகளைத்தான் பார்க்க வேண்டும்.

சோதனைக்கு மெம்டெஸ்ட்86 பிளஸ் போதும். இலவசம், 6-ஆம் பதிப்பிலிருந்து யுஇஎஃப்ஐ போர்டுகளிலும் ஓடும். பென் டிரைவில் ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். இதில் பாஸ் மார்க் கிடையாது, ஒரே ஒரு பிழை வந்தாலும் ஃபெயில். பிழை வந்தால் திரையைப் போட்டோ எடுத்து முகவரியையும் பிட்டையும் கவனியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே முகவரி, அதே பிட் என்றால் ஸ்டிக்கில் ஒரு செல் போய்விட்டது. முகவரிகள் சிதறி, அடுத்த சுற்றில் வேறு இடத்தில் வந்தால் வோல்டேஜ், டைமிங், சூடு, கன்ட்ரோலர் ஆகியவற்றில் ஒன்று. இரண்டு ஸ்டிக்கும் டூயல் சேனலில் ஓடும்போது தரவு இரண்டிலும் மாறி மாறி எழுதப்படுவதால், முகவரியை மட்டும் வைத்து எந்த ஸ்டிக் என்று சொல்வது கடினம். அதற்குத் தனித்தனியாகப் போட்டுப் பார்ப்பதே வழி. முதல் ஸ்டிக்கை ஏ2 ஸ்லாட்டில், அதாவது ப்ராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதில் போடுங்கள். பிறகு அடுத்ததை அதே ஸ்லாட்டில் போடுங்கள். அதன்பின் இரண்டையும் ஒவ்வொன்றாக பி2-வில், அதாவது நான்காவதில், போட்டுப் பாருங்கள். பிழை ஸ்டிக்கோடு நகர்ந்தால் ஸ்டிக்கில் கோளாறு. எந்த ஸ்டிக் போட்டாலும் பி2-வில் மட்டும் வந்தால் போர்டு, சாக்கெட், அல்லது கூலர்.

கூலரா என்று கேட்பவர்களுக்கு: ஒரு பக்கத் திருகை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ப்ராசசர் சாய்வாக அழுந்தி, சாக்கெட்டின் சில பின்கள் சரியாகத் தொடாமல் போகும். ஒரு சேனல் முழுதாகக் காணாமல் போவதற்கு இது அடிக்கடி காரணம். கூலரைக் கழற்றி, மூலைக்கு மூலை குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் பல சமயம் 32 ஜிபியும் திரும்பி வந்துவிடும். ஸ்டிக்கைச் செருகும்போதும் இதே கவனம் தேவை. இப்போதைய பல போர்டுகளில் கிளிப் ஒரு பக்கம்தான். கிளிப் பக்கம் 'டக்' என்று விழுந்ததும் கை எடுத்துவிடுவோம், எதிர்ப்பக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். தங்கப் பூச்சை பென்சில் ரப்பரால் தேய்க்கும் பழக்கம் கடைகளில் இன்னும் இருக்கிறது. பூச்சும் தேயும், துகளும் ஸ்லாட்டில் விழும். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில் தொட்டுத் துடைத்தால் போதும்.

புதிதாக ஸ்டிக் போட்டதும் சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும், போர்டில் மஞ்சள் டிராம் விளக்கு எரியும். அது மெமரி டிரெய்னிங், ரேமோடு ஒத்துப்போகும் மதிப்புகளைப் போர்டு தேடுகிறது. ரைசன் 7000-இன் ஏஎம்5 சாக்கெட்டில் 32 ஜிபிக்கே நிறைய நேரம் எடுக்கும். பயந்து நடுவில் பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கால் மணி நேரம் பொறுத்துவிட்டு அப்புறம் கவலைப்படலாம்.

நீண்ட நாள் பயன்பாட்டில் அதிகம் ஏமாற்றும் அமைப்பு, மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர். ஒவ்வொரு பூட்டிலும் டிரெய்னிங் செய்யாமல் பழைய மதிப்புகளையே எடுத்துக்கொள்வதால் கணினி சீக்கிரம் எழும், எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் இதை ஆன் செய்து, ரேமின் மின்சேமிப்பு அமைப்பான பவர் டவுன் எனேபிளை ஆஃபில் விட்டால் சில போர்டு, ஸ்டிக் சேர்க்கைகளில் காரணமில்லாத க்ராஷ் வரும். மெம்டெஸ்ட் சுத்தமாக இருக்கும், மறுநாள் காலை பூட் செய்ததும் ப்ளூ ஸ்க்ரீன் நிற்கும். இரண்டையும் ஆன் செய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் இரண்டையும் ஆஃப் செய்துவிட்டுக் கூடுதல் பூட் நேரத்தைச் சகித்துக்கொள்ளுங்கள். நிலைத்தன்மைக்காக அரை நிமிடம் காத்திருப்பது நட்டமே இல்லை.

வோல்டேஜில் கை வைக்கும் முன் பயோஸைப் புதுப்பியுங்கள். 2023 ஏப்ரலில் ரைசனின் எக்ஸ்3டி ரக ப்ராசசர்கள் கருகிய பிறகு, மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜை 1.3-க்கு மேல் விடாதபடி ஏஎம்டி கட்டுப்பாடு கொண்டுவந்தது. பழைய பயோஸில் அந்தக் காப்பு இருக்காது. ஆட்டோவில் விடாமல் 1.20 என்று கையால் போட்டுச் சோதித்து, தேவைப்பட்டால் 1.25 வரை ஏற்றலாம். அதற்கும் நிற்காத கன்ட்ரோலரை அடித்துப் பழுக்க வைப்பதில் பயனில்லை. டைமிங்கை அப்படியே வைத்து 5600-க்கு இறக்குங்கள். பெரிய கேஷ் உள்ள எக்ஸ்3டி ப்ராசசரில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

மெம்டெஸ்ட் முழுதாகத் தேறி, விண்டோஸில் மட்டும் விழுகிறதா? மெம்டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும், கேபினெட் குளிர்ந்தே இருக்கும். விண்டோஸில் டெஸ்ட்மெம்5 என்ற சோதனை மென்பொருளை அன்டா777 எக்ஸ்ட்ரீம் கான்ஃபிகோடு ஓட்டுங்கள், பிறகு ஒய்-க்ரஞ்சர் மென்பொருளின் விடி3 சோதனையை. டிடிஆர்5 ஸ்டிக்கிலேயே வெப்ப உணரி இருப்பதால் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் சூட்டைப் பார்த்துக்கொண்டே சோதிக்கலாம். பவர் ரெகுலேட்டர் சிப்பும் இப்போது ஸ்டிக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. யாரோ சொன்னதைக் கேட்டு, ரேம் செல்களைப் புதுப்பிக்கும் இடைவெளியான டிரெஃபியை 65535-க்கு ஏற்றியிருந்தால் 50 டிகிரியைத் தாண்டியதும் பிழைகள் தலைகாட்டலாம். மார்கழியில் தேறிய கணினி சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் விழுவது இப்படித்தான். டிரெஃபியைக் குறைக்கலாம், அல்லது ஸ்டிக்கின் மேல் காற்று படும்படி ஒரு 120 மி.மீ. ஃபேன் வைக்கலாம்.

ரேம் போலவே நடிக்கும் வேறு சிலவும் உண்டு. ப்ராசசரின் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் அதிகம் போட்டிருந்தால் வேலையே இல்லாத நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகும், ஈவென்ட் வியூவரில் டபிள்யூஹெச்இஏ லாகர் 18 என்று பதிவாகும். அது ப்ராசசர் கோர். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையில் கேம் ஷேடர் தயாராகும்போது வீடியோ மெமரி போதவில்லை என்று வரும் செய்தியை நம்பி ரேம் மாற்றியவர்கள் உண்டு. கோளாறு ப்ராசசரில். 2024-இல் மைக்ரோகோட் திருத்தங்கள் வந்தன, கடையில் பெட்டியோடு விற்கும் ப்ராசசர்களுக்கு வாரண்டியும் இரண்டு ஆண்டு நீண்டது. ப்ளூ ஸ்க்ரீனே இல்லாமல் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 மட்டும் இருந்தால் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸையும் வீட்டு இன்வெர்ட்டரையும் சந்தேகியுங்கள்.

ரேம் சரியானதோடு வேலை முடியாது. தவறான பிட்டுகள் ஏற்கெனவே எஸ்எஸ்டியில் எழுதப்பட்டிருக்கலாம். விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சரிபார்க்கும் டிஸ்ம், எஸ்எஃப்சி கட்டளைகள் இரண்டையும் ஓட்டுங்கள். தடுமாறும் ரேமோடு விண்டோஸ் நிறுவியிருந்தால் மறுபடி நிறுவுவதே நல்லது. டிடிஆர்5 சிப்புக்குள்ளேயே இருக்கும் பிழைதிருத்தி, ஆன்-டை இசிசி, இதையெல்லாம் தடுக்கும் என்று நினைக்காதீர்கள். அது சிப்புக்குள் நடக்கும் பிழையை மட்டும் திருத்தும், ஸ்டிக்கிலிருந்து ப்ராசசர் வரைக்கும் உள்ள வழியில் நடப்பது அதற்குத் தெரியாது.

வாங்கும்போது சென்னை ரிச்சி தெருவில் ஒற்றை ஸ்டிக் இரண்டு எடுத்தால் சில நூறு ரூபாய் மிச்சமாகலாம். ஆனால் ஒரே மாடல் எண்ணிலேயே ஒன்றில் ஹைனிக்ஸ் சிப்பும் இன்னொன்றில் சாம்சங் சிப்பும் இருக்க வாய்ப்புண்டு. சேர்த்துச் சோதித்து ஒரே பெட்டியில் வரும் கிட்டையே எடுங்கள். 64 ஜிபி தேவையென்றால் 32 ஜிபி இரண்டு, 16 ஜிபி நான்கு வேண்டாம். வாரண்டிக்கு அனுப்பும்போது 4800-இல் வந்த பிழையின் போட்டோவை இணைத்தால் வாதம் குறையும். ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் பொதுவாகக் கிட்டின் இரண்டையும் கேட்பார்கள், அதுவரை ஓட்ட ஒரு ஸ்டிக்கை எங்காவது கடன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.