ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப்: என் அனுபவம்

பி.காம். முடித்து நேரடி நுழைவு வழியாக (பட்டதாரிகள் முதல்நிலைத் தேர்வு எழுதாமல் சேரும் வழி) சி.ஏ. என்னும் பட்டயக் கணக்காளர் படிப்பில் சேர்ந்து, சென்னையிலுள்ள ஒரு நடுத்தரத் தணிக்கை நிறுவனத்தில் அன்றைய விதிப்படி மூன்று ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் கட்டாய நடைமுறைப் பயிற்சியை முடித்து, தேர்ச்சிக்குப் பிறகும் அங்கேயே சில காலம் பணியாற்றியவள் நான். 2023 ஜூலை முதல் இப்பயிற்சி இரண்டு ஆண்டுகளாகக் குறைந்துவிட்டதால், எந்த அலுவலகத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

சேர வருபவர்கள் முதலில் விசாரிப்பது நிறுவனத்தின் பெயரையும், பயிற்சிக் காலத்தில் மாதந்தோறும் தரும் ஸ்டைபெண்டையும்தான். வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்குபவருக்கு ஸ்டைபெண்ட் சிறிய விஷயமல்ல. ஆனாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது, நாம் செய்துகொடுக்கும் வேலையை அங்கே யாராவது உட்கார்ந்து படிக்கிறார்களா என்பதை.

எங்கள் மேனேஜர் படித்தார். வவுச்சர்களை (கணக்குக்கான ஆதாரச் சீட்டுகளை) சரிபார்த்தேன், எல்லாம் சரியாக உள்ளன என்று எழுதிக்கொடுத்தால், எத்தனை, எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தாய், ஏன் அவை போதும் என்ற கேள்விகளோடு கோப்பு திரும்பி வரும். அந்தத் தணிக்கையோடு முன்தொடர்பே இல்லாத அனுபவமுள்ள தணிக்கையாளர் ஒருவர் கோப்பை எடுத்துப் பார்த்தாலும், என்ன செய்யப்பட்டது, என்ன முடிவுக்கு வந்தோம் என்பது அவருக்கு விளங்க வேண்டும் என்கிறது தணிக்கைத் தரநிலை 230. பாடமாகப் படித்திருந்த அந்த வரி, திரும்பி வந்த கோப்புகளால்தான் எனக்குப் பழக்கமானது. மார்ச் 31 அன்று கிடங்கில் சரக்கு எண்ணும்போதும் அப்படித்தான்: பட்டியலிலிருந்து சரக்குக்குப் போனால் இல்லாததைக் கணக்கில் காட்டியிருப்பது தெரியும், சரக்கிலிருந்து பட்டியலுக்கு வந்தால் இருப்பதை விட்டிருப்பது தெரியும் என்று பார்ட்னரே உடன் நின்று விளக்கினார். வேறு அலுவலகங்களில் சேர்ந்த நண்பர்கள் சிலர், பயிற்சிக் காலம் முழுவதும் ஜி.எஸ்.டி. படிவங்களை நிரப்புவதிலும் வங்கிக்கு அலைவதிலுமே கழித்தார்கள். திறமையில் எவருக்கும் குறையாதவர்கள் அவர்கள், அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வேலை நேரத்தைப் பொறுத்தவரை, வாரத்துக்கு 35 மணி நேரம் என்ற விதி செப்டம்பரில் எங்கள் அலுவலகத்திலும் நிற்கவில்லை. வரித் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கடைசி நாள் செப்டம்பர் 30 என்பதால் அந்த மாதம் மிகக் கடினமாக இருக்கும். ஆனால் தேர்வு விடுப்பில் போனவரை ஒருபோதும் அழைக்க மாட்டார்கள்; வேலைப் பங்கீட்டை மாதங்களுக்கு முன்பே எழுதிவைத்ததால்தான் அது முடிந்தது.

குறைகளும் உண்டு. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்களின் தணிக்கை கிடைக்கவில்லை. தேர்ச்சிக்குப் பின் கிடைத்த சம்பளமும் தொழில்நிறுவனங்களில் சேர்ந்தவர்கள் பெற்றதைவிடக் குறைவு. வங்கி அல்லது பன்னாட்டு நிறுவனக் கணக்குகளில்தான் எதிர்காலம் என்று முடிவு செய்தவர்களுக்குப் பெரிய நிறுவனமே பொருத்தம்.

நேர்காணலுக்குப் போகும்போது, அங்கே ஏற்கெனவே ஓராண்டு முடித்த ஆர்ட்டிகிள் (பயிற்சி மாணவர்) ஒருவரிடம் தனியாகப் பேச அனுமதி கேளுங்கள். கடைசியாக முடித்த கோப்பை யார் பார்த்தார், என்ன திருத்தம் சொன்னார் என்று அவரிடம் விசாரியுங்கள். உடனே விவரமாகப் பதில் வந்தால் தயங்காமல் சேரலாம்.