ஹெஸ்ஸியர் கோட்டுக்கு ஏற்ற நீலம்: வயேஹோ 70.899

அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டனுக்காகச் சண்டையிட்ட ஜெர்மானிய வீரர்களான ஹெஸ்ஸியர்களின் 28 மி.மீ. சிறுபொம்மைப் படை ஒன்றைத் தீட்டி மேசையில் நிறுத்த ஒரே ஒரு நீலம்தான் வாங்க முடியும் என்றால், வயேஹோ நிறுவனத்தின் மாடல் கலர் பெயின்ட் வரிசையில் டார்க் பிரஷ்யன் புளூவை வாங்குங்கள். எண் 70.899.

ஜெர்மன் சிற்றரசான ஹெஸ்ஸே-காசலை ஆண்ட இரண்டாம் பிரீட்ரிஷ் தன் காலாட்படைக்குப் பிரஷ்யப் பாணியிலேயே சீருடை கொடுத்திருந்தார்: கருநீலக் கோட்டு, பின்னால் மடித்துவிட்ட சிவப்பு ஓரம். பிரிட்டனுக்காக அமெரிக்கப் போருக்குப் போன ஏறக்குறைய 30,000 ஜெர்மானியரில் பாதிக்கு மேல் இவருடைய ஆட்கள். படை அனுப்பிய மற்ற ஜெர்மன் சிற்றரசுகளான பிரவுன்ஷ்வைக், ஹானாவ், வால்டெக் ஆகியவற்றின் காலாட்படைகளும் பெரும்பாலும் நீலம்தான். அன்ஹால்ட்-ஸெர்ப்ஸ்ட் மட்டும் வெள்ளை. ஒரு குப்பி இத்தனை படைகளுக்கு உழைக்கும்.

நிறம் மங்கலும் இல்லை, பளபளப்பான அரச நீலமும் இல்லை. கறுப்பு ப்ரைமர் (அடிப்பூச்சு) மேல், தண்ணீர் கலந்து மெல்லிசாக இரண்டு பூச்சு போதும். துணி மடிப்புகளில் கறுப்பு தானே நிழலாக நின்றுவிடும். குப்பியை நன்றாகக் குலுக்கிய பிறகே சொட்டுவிட வேண்டும். மேடான இடங்களை வெளுப்பாக்க வெள்ளையைக் கலக்காதீர்கள், கோட்டு குழந்தைச் சட்டை மாதிரி ஆகிவிடும். சாம்பல் சாய்ந்த நடுத்தர நீலம் கொஞ்சம் சேர்த்தால், வெயிலில் பல மாதம் நடந்த கம்பளித் துணியின் நிறம் வருகிறது. அந்த நிறம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

1776 டிசம்பர் 26 அன்று டிரென்டன் சண்டையில் அமெரிக்கரிடம் சிக்கிய மூன்று ஹெஸ்ஸிய ரெஜிமென்ட்களை வரிசையாகத் தீட்டினால்தான் இந்த நீலத்தின் குணம் முழுதாகப் புரியும். ராலின் கிரனேடியர் ரெஜிமென்ட்டுக்குச் சிவப்பு முகப்பு (கோட்டின் மார்பு, கை மடிப்புகளில் வரும் வேறு நிறத் துணி), சிக்கலே இல்லை. லோஸ்பெர்க் ஃபியூசிலியர் ரெஜிமென்ட்டுக்கு ஆரஞ்சு. நீலத்தின் மேல் நேரடியாக ஆரஞ்சு பூசினால் சேறாகிவிடும், முதலில் வெளிர் மஞ்சள்பழுப்பு ஒரு அடுக்கு போட வேண்டும். அதன்பின் அந்த ஆரஞ்சும் பித்தளைத் தொப்பியும் கருநீலத்துக்குப் பக்கத்தில் எரிகின்றன. மேசையின் மறுமுனையிலிருந்தே ரெஜிமென்ட்டை அடையாளம் சொல்லலாம்.

நிப்ஹவுசன் ரெஜிமென்ட்டில்தான் இந்த நீலம் சோதிக்கிறது. முகப்பு கறுப்பு. இரண்டு கை தூரத்தில் கறுப்பும் கருநீலமும் ஒன்றாகக் கலந்து, மார்பில் முகப்பு இருப்பதே தெரியாது. இவர்களுக்கு மட்டும் கோட்டை ஒரு படி கூடுதலாக வெளுத்து, முகப்பின் விளிம்பில் அடர்சாம்பலை மயிரிழையாக இழுக்கிறேன். வேலை நிறைய, ஆனால் வேறு நீலம் தேடுவதைவிட இது மேல். மூன்று ரெஜிமென்ட்களும் ஒரே படையாகத் தெரிவது முக்கியம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் லோஸ்பெர்க்கை முதலில் எடுங்கள். யேகர் வேட்டைப்படைக்குப் பச்சைக் கோட்டு, அதற்குத் தனிக் குப்பி வாங்கித்தான் ஆக வேண்டும்.