‘ஃப்ளஷ் பண்ணியாச்சு அண்ணாச்சி’ என்றால் நம்பிவிடாதீர்கள்

விசைப்படகுகள் கரையில் கிடக்கிற மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்த 61 நாள்தான் எங்களைப் போன்ற ஃபைபர் படகுக்காரர்கள் நாலு காசு பார்க்கிற நேரம். சீலா, விளைமீன் எது கொண்டுவந்தாலும் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஏலம் சூடு பறக்கும். அப்படி ஒரு மே மாத விடியற்காலையில், வான் தீவைத் தாண்டி ஒரு மணி நேரம் போயிருப்போம். இஞ்சின் ‘பீ…’ என்று அலற ஆரம்பித்தது. வேகம் தானாக இறங்கிவிட்டது. மேல் மூடியைக் கழற்றிக் கை வைக்கப் போன மச்சான் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். தோசை வார்க்கலாம், அப்படி ஒரு கொதி.

தெரிந்தவர் படகு கயிறு போட்டு இழுத்து வந்தது. அன்றைய டீசல், ஐஸ் காசு எல்லாம் அவருக்கு நாங்கள்தான் கொடுத்தோம்.

வயிறெரியக் காரணம் வேறு. மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அந்த இஞ்சினுக்கு ஃபுல் சர்வீஸ் முடிந்திருந்தது. 25 குதிரைத்திறன், நாலு ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டு, அதாவது படகின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற இஞ்சின். படகு வருடம் முழுக்கத் தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கிறது. அதனால் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வருட ஒப்பந்தம் போட்டிருந்தேன். 14,500 ரூபாய். மாதம் ஒரு தடவை லோடு ஆட்டோவில் இஞ்சினை எடுத்துப் போய் ‘ஆர்.ஓ. தண்ணீர் ஃப்ளஷ்’, ஆறு மாதத்துக்கு ஒரு ஃபுல் சர்வீஸ், இம்பெல்லர் மாற்றுகிற வேலை உள்பட, சாமான் விலை மட்டும் தனி. காலையில் போன இஞ்சின் சாயங்காலம் புதுமாப்பிள்ளை மாதிரி பளபளவென்று வந்து இறங்கும். பில்லில் எல்லாம் வரிசையாக எழுதியிருக்கும். நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

புதிதாக அவுட்போர்டு வாங்கியவர்களுக்காக ஒரு விஷயம். இதில் கார் மாதிரி ரேடியேட்டர் கிடையாது. கீழே சல்லடை வழியாகக் கடல் தண்ணீரையே உறிஞ்சி, இம்பெல்லர் என்கிற ரப்பர் சக்கரம் மேலே தள்ளும். சிலிண்டரைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு அந்தத் தண்ணீர் வெளியே போகும். இஞ்சினை நிறுத்தியதும் உள்ளே தங்குகிற ஈரம் காய, உப்பு மட்டும் நிற்கும். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிற தண்ணீர். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து, அலுமினியத்தை அரித்து, கடைசியில் தண்ணீர் போகிற வழியையே அடைத்துவிடும். நல்ல தண்ணீரை உள்ளே ஓடவிட்டு அந்த உப்பைக் கழுவுவதுதான் ஃப்ளஷ். செய்தாலும் செய்யாவிட்டாலும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஏமாற்றுகிறவனுக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்?

இஞ்சினை இந்த முறை அந்த ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பவில்லை. வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், கடையெல்லாம் கிடையாது, வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் வைத்துத்தான் வேலை. முதலில் கீழ்ப்பகுதியை இறக்கினார். பம்பைத் திறந்ததும் ஒன்றும் பேசாமல் இம்பெல்லரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஆறு இதழில் இரண்டைக் காணோம். மீதி நாலும் ஒரே பக்கமாக மடங்கி, நிமிர்த்தினாலும் நிமிராமல் மரத்துப்போய் இருந்தன. “இது மூணு வாரத்துச் சாமானா? ரெண்டு வருசமாவது ஓடியிருக்கும்” என்றார். பில்லில் ‘புது இம்பெல்லர்’ என்று எழுதி 2,200 ரூபாய் தனியாக வாங்கியிருந்தார்கள்.

காணாமல் போன ரப்பர் துண்டுகளைத் தேடித்தான் அரை நாள் போனது. ஒன்று தண்ணீர் ஏறுகிற குழாயில் சிக்கிக் கிடந்தது. இன்னொன்று மேலே, சூடேறியதும் திறந்து தண்ணீரை விடுகிற தெர்மோஸ்டாட் பக்கத்தில். தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்தபோது, அடடா, உப்பளத்தில் பாத்தி ஓரம் கட்டி தட்டி நிற்குமே, அந்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பால் சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து அந்தத் தெர்மோஸ்டாட்டைப் போட்டுப் பார்த்தேன். 60 டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டியது, தளதளவென்று கொதித்தும் அசையவில்லை. (பால் சட்டிக்காக வாங்கிய திட்டு தனிக் கதை.)

அடுத்தது ஜிங்க் கட்டி. உப்புத்தண்ணீரில் முதலில் இதுதான் கரைய வேண்டும், இது கரைவதால்தான் இஞ்சின் உடம்பு பிழைக்கிறது. எங்களுடையது கொஞ்சம்கூடக் கரையாமல் அழகாக இருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். பெரியவர் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு கீறு கீறினார். சாம்பல் நிற பெயின்ட் சுருண்டு வந்தது. இஞ்சினுக்குப் பளபளப்பு ஏற்ற ஸ்ப்ரே அடித்தவர்கள் ஜிங்க் மேலேயும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். பெயின்ட் மூடிய ஜிங்க் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்கே போனேன். பின்பக்கம் பீப்பாயில் வேறு யாருடையதோ ஓர் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பீப்பாயை நிரப்பிய குழாயில் கையை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது. போர் தண்ணீர்! உப்பளத்துக்கு இந்தப் பக்கம் போர் போட்டால் வேறு என்ன வரும்? ஆர்.ஓ. மாட்டுகிற பையன்கள் வைத்திருக்கிற டி.டி.எஸ். மீட்டர் ஒன்றைக் கடன் வாங்கிப் போயிருந்தேன், தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். 4,800-க்குக் கொஞ்சம் மேலே காட்டியது. குடிதண்ணீருக்கு 2,000-ஐத் தாண்டக்கூடாது என்று அரசாங்கத் தர அளவு சொல்கிறது. கடல் தண்ணீரோடு பார்த்தால் இது எவ்வளவோ தேவலை, அதையும் சொல்லத்தான் வேண்டும். இதிலாவது ஒழுங்காகக் கால் மணி நேரம் ஓட்டியிருந்தால் என் இஞ்சின் இந்தக் கதிக்கு வந்திருக்காது. மாதாமாதம் பில்லில் ஆர்.ஓ. என்று எழுதி ஏமாற்றினார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

முதலாளி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “கடல்ல சேறு இழுத்திருக்கும் அண்ணாச்சி, இம்பெல்லர் என்ன செய்யும்” என்றார். சரி, கழற்றிய பழைய இம்பெல்லர் எங்கே என்றேன். குப்பையில் போய்விட்டதாம். அடுத்த இரண்டு சர்வீஸ் இலவசம் என்று ஆரம்பித்தார். கும்பிடு போட்டுவிட்டு வந்து, நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். பில், உடைந்த இம்பெல்லர் போட்டோ எல்லாம் இருந்ததால் இம்பெல்லர் காசும் ஒப்பந்தத்தில் மீதி மாதங்களுக்கான காசும் திரும்பி வந்தது. இஞ்சினைச் சரிசெய்ய ஆன 31,000 ரூபாயும், தடைக்காலத்தில் கரையில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு நாளும் போனது போனதுதான்.

என் மேலும் தப்பு உண்டு. ஓடும்போது இஞ்சின் பக்கவாட்டில் பீச்சுகிற தண்ணீர் முன்பு விரல் தடிமனில் வரும். கடைசி நாட்களில் நூலாகத்தான் வந்தது. வருகிறதே என்று விட்டுவிட்டேன்.

இப்போது யார் சர்வீஸ் செய்தாலும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். பீப்பாய் என்றால் தண்ணீர் உறிஞ்சுகிற சல்லடை நன்றாக முங்குகிற உயரம் வேண்டும். ஹெட்போன் மாதிரி இரண்டு ரப்பர் கிண்ணத்தைச் சல்லடை மேல் கவ்வவைத்துச் செய்கிறார்கள் என்றால், முதலில் தண்ணீரைத் திறந்துவிட்டு அப்புறம்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், நியூட்ரலில். தண்ணீர் இல்லாமல் சில விநாடி ஓடினாலே இம்பெல்லர் கருகத் தொடங்கிவிடும். தெர்மோஸ்டாட் திறக்கிற அளவுக்குச் சூடேறி ஓடவில்லை என்றால் தண்ணீர் எல்லா இடத்துக்கும் போய்ச் சேராது, இரண்டு நிமிடம் உறுமவிட்டு அணைப்பது கண்துடைப்பு. கழற்றிய பழைய சாமான் என் கைக்கு வராமல் காசு கிடையாது.

தினமும் கரைக்கு வந்ததும், 50 லிட்டர் டிரம்மும் 12 வோல்ட் சின்ன பம்பும் வைத்து, இஞ்சினில் இருக்கிற ஃப்ளஷ் குழாயில் மாட்டிவிடுகிறோம். எங்கள் இஞ்சினுக்கு அந்த வழியில் செய்யும்போது ஸ்டார்ட் செய்யவே கூடாது, புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. டிரம் காலியானதும் இஞ்சினைத் தூக்கிக் கட்டிவிடுவோம். தாமிரபரணித் தண்ணீரை இஞ்சினுக்கு ஊற்றுகிறாயே என்று வீட்டில் கேட்கிறார்கள்தான்.

நேற்று அதே லோடு ஆட்டோவில் பக்கத்துப் படகுக்காரர் இஞ்சின் பளபளவென்று வந்து இறங்கியது. என் பைக் சாவியைக் கொடுத்து ஜிங்க் கட்டியைச் சுரண்டிப் பார்க்கச் சொன்னேன். சாம்பல் நிறப் பெயின்ட்தான் சுருண்டு விழுந்தது.