மாஸ்டர் சிலிண்டர்: ரப்பர் கிட்டா, புதுசா?

குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் பிரேக்கைப் பாருங்கள். பெடலை அழுத்தியே பிடித்திருங்கள். வெளியே கசிவே இல்லாமல் அது மெல்லக் கீழே போனால், பெடலை அழுத்தும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்திருக்கும்.

செலவு: உள்ளே மாற்றும் ரப்பர்கள் அடங்கிய கிட் மலிவு. புது சிலிண்டர் பல மடங்கு, இறக்குமதி கார் என்றால் இன்னும் கூடும்.

வேலை: கிட்டுக்குக் கழற்றி, சுத்தம் செய்து, கோர்க்க வேண்டும். புதியதை அப்படியே மாட்டலாம். இரண்டிலும் பிரேக் குழாயில் புகுந்த ஏரை எடுத்தே ஆகணும்.

எவ்வளவு காலம் உழைக்கும்: முடிவு இதில்தான் இருக்கிறது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். நம் மூடுபனியில் ஓடாமல் நின்ற காரில் சிலிண்டரின் உள்சுவர் அரித்துக் குழி விழுந்திருக்கலாம். நகத்தில் தட்டுப்படும் குழி புது ரப்பரையும் சீக்கிரம் அறுத்துவிடும்.

உள்சுவர் வழவழவென்று இருந்தால் கிட் போதும். குழி இருந்தால் தயங்காமல் புதியது. கிடைக்காத மாடல் என்றால், பிரேக் வேலை தெரிந்த லேத்தில் ஸ்லீவ் (உள்சுவரை மூடும் புது உலோகக் குழாய்) போடலாம்.

எதைச் செய்தாலும் ஆயிலை மாற்றுங்கள். டாட் 4 தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். பிரேக் சூடாகும் மேட்டுப்பாளையம் இறக்கத்தில் அந்த வித்தியாசம் பெடலில் தெரியும்.