ஸ்ட்ரட் மாற்றுவது: எது வீட்டில், எது பட்டறையில்?

வேகத்தடை தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை ஆடித்தான் அடங்குகிறது. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து, அதில் புழுதி சேறாக அப்பியிருக்கிறது. டயரைக் கையால் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படுகிறது. இந்த மூன்றில் இரண்டு இருந்தாலே மாற்ற வேண்டியதுதான். ராடு வெளிவரும் இடத்தில் லேசான எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. பானட்டை அமுக்கிவிட்டுப் பார்க்கும் சோதனையையும் நம்ப வேண்டாம். முற்றிலும் செத்த ஷாக்கைத்தான் அது காட்டிக்கொடுக்கும். பாதி தேய்ந்தது தப்பித்துவிடும்.

மாற்றுவது என்று முடிவானால் மூன்று வழி இருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரசர் என்ற கருவியை வாங்கி முழு வேலையையும் வீட்டிலேயே முடிப்பது ஒன்று. ஸ்ட்ரட்டை, அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த முன்பக்கத் தொகுப்பை, வீட்டில் கழற்றி, ஸ்பிரிங்கைப் பிரித்து மாட்டும் வேலையை மட்டும் பட்டறைக்குக் கொடுப்பது இரண்டாவது. வண்டியையே பட்டறையில் விட்டுவிட்டு மாலையில் எடுப்பது மூன்றாவது. நான் தேர்ந்தெடுத்தது நடுவில் உள்ளது. அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

மூன்றாவது வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காசு கொடுத்தால் வேலை முடியும். ஆனால் ஸ்ட்ரட்டின் உச்சியைப் பாடியோடு சேர்க்கும் பழைய மவுண்ட்டையே துடைத்து மாட்டினார்களா, புதியதைப் போட்டார்களா என்பது உங்களுக்குத் தெரியாது. பின் ஷாக்குக்கு மட்டும் அந்தச் செலவு வீண் என்றே சொல்வேன்.

ஸ்விஃப்ட் போன்ற, பின்னால் டார்ஷன் பீம் (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குத் தண்டு) உள்ள வண்டிகளில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. கம்ப்ரசரே தேவையில்லை. முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பீமுக்கு அடியில் ஜாக்கியை வைத்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஷாக்கைப் பிடித்திருக்கும் மேல் நட்டு ஒன்று, கீழ் போல்ட் ஒன்று கழற்ற வேண்டும். மேல் நட்டு சில வண்டிகளில் டிக்கி ட்ரிம்முக்குப் பின்னால் இருக்கும், சிலவற்றில் வீல் ஆர்ச்சுக்குள். ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் அடுத்த பக்கம். இரண்டு ஷாக்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பீம் தொங்கி, ஸ்பிரிங் உருண்டு விழும், பிரேக் ஹோஸும் இழுபடும். கீழ் போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் முழுதாக முறுக்க வேண்டும். தொங்கிய நிலையில் முறுக்கினால் ரப்பர் புஷ் முறுகிய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் அது எப்போதும் இழுவையில் இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

முன்பக்கம்தான் விவகாரம். அங்கே மாக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் ஏறியிருக்கும், அதை அமுக்கி வைத்திருப்பது உச்சியில் உள்ள ஒரே ஒரு நட்டு. ஆயிரம் கிலோ ஹேட்ச்பேக்கில் பாதிக்கு மேல் எடை முன்னால்தான் என்பதால், ஓடும்போது ஒவ்வொரு ஸ்பிரிங்கும் ஏறக்குறைய 300 கிலோ தாங்குகிறது. ஸ்ட்ரட்டைக் கழற்றித் தரையில் வைத்த பிறகும் அந்த விசையில் ஒரு நல்ல பங்கு உள்ளேயே மிச்சமிருக்கும். அமுக்காமல் உச்சி நட்டைக் கழற்றினால் மவுண்ட் முகத்தை நோக்கிப் பறக்கும். வேலையின் மற்ற எல்லாத் தவறையும் திருத்திவிடலாம், இதைத் திருத்த முடியாது.

கடைகளில் ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கம்ப்ரசர் என்பது கொக்கி வைத்த இரண்டு நீளத் திருகு. ஸ்பிரிங்கின் இரு பக்கமும் நேரெதிரே மாட்டி, இங்கே நான்கு சுற்று, அங்கே நான்கு சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் ஸ்பிரிங் வில்லாக வளையும், கொக்கி சுருளில் வழுக்கிக்கொண்டு அடுத்த கொக்கியை நோக்கி ஓடும். ஒரு பக்கமாக வளைத்தே செய்யப்பட்ட ஸ்பிரிங், நுனியில் குறுகும் ஸ்பிரிங் என்றால் கொக்கி உட்காரவே இடம் தேடும். அவசரத்துக்கு, அடித்து அடித்து வேகமாக முறுக்கும் இம்பாக்ட் கன் போட்டால் திருகு சூடாகி மரை பிடித்துக்கொள்ளும். பாதி அமுங்கிய ஸ்பிரிங்கோடு முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது. இன்னொன்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: கொக்கி ஸ்பிரிங்கின் பெயிண்ட்டைச் சுரண்டும், சுரண்டிய இடத்தில் துரு பிடிக்கும், உப்புக்காற்று அடிக்கும் ஊரில் ஸ்பிரிங் உடைவது அந்த இடத்தில்தான் தொடங்கும்.

பட்டறையில் சுவரிலோ ஸ்டாண்டிலோ பொருத்திய கம்ப்ரசர் ஸ்பிரிங்கை மேலும் கீழும் தட்டுப் போன்ற தாங்கியில் பிடித்து நேராக அமுக்கும். இரண்டு ஸ்ட்ரட்டும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வீட்டில் பாதி நாள் போகும் வேலையில் உண்மையான ஆபத்து இந்த ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது. அதை மட்டும் வெளியே கொடுத்துவிட்டால் மிச்சம் எல்லாம் ஸ்பேனர் வேலை. கொடுப்பதற்கு முன் பட்டறையில் எந்தக் கம்ப்ரசர் என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அங்கேயும் அதே கொக்கித் திருகுதான் என்றால் வேறு இடம் தேடுவது நல்லது.

கழற்றும் வரிசை இப்படி. சக்கர நட்டையும் உச்சி நட்டையும் வண்டி தரையில் இருக்கும்போதே கால் சுற்று மட்டும் இளக்குங்கள். உச்சி நட்டு இளகும்போது ராடு கூடச் சுற்றாமல் இருக்க அதன் தலையில் உள்ள குழியில் ஆலன் கீயைப் போட்டுப் பிடிக்க வேண்டும். கால் சுற்றுக்கு மேல் கை வைக்கக் கூடாது. சில வண்டிகளில் உச்சியில் நடுவே தெரியும் நட்டு ஸ்ட்ரட்டைப் பாடியோடு பிடித்திருக்கும், அதற்குக் கீழே ஸ்பிரிங்கைப் பிடிக்க இன்னொரு நட்டு. உங்களுடையது எது என்று மேனுவலில் பார்க்காமல் தொடாதீர்கள். பிறகு வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வண்டியோடு வரும் ஜாக்கியை நம்பி அடியில் கை நீட்டாதீர்கள். பிரேக் ஹோஸ் கிளிப்பையும் ஏபிஎஸ் வயரையும் விடுவித்து, வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் லிங்க் ராடின் நட்டைக் கழற்றுங்கள். சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு ஸ்ட்ரட் சேரும் இரண்டு பெரிய போல்ட் பெரும்பாலும் 17 அல்லது 19 சைஸில் இருக்கும். கழற்றுவதற்கு முன் போல்ட் தலையைச் சுற்றியும், ஸ்ட்ரட் நக்கிளில் உட்காரும் ஓரத்திலும் பெயிண்ட் பேனாவால் கோடு போட்டுவையுங்கள். சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணமான கேம்பரைக் காப்பது அந்தக் கோடுதான். சில போல்ட்டுகளின் கழுத்தில் பல் வெட்டு இருக்கும். தலையைப் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் சுற்ற வேண்டும். சுத்தியலால் தட்டி வெளியேற்றும்போது நட்டை நுனியில் ஏற்றி வைத்துத் தட்டினால் மரை நசுங்காது.

இரண்டாவது போல்ட் வந்ததும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். அதை உடனே கம்பியால் கட்டி நிறுத்த வேண்டும். விட்டுவிட்டால் பிரேக் ஹோஸில் தொங்கும், அல்லது சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் நழுவி வந்துவிடும். பிறகு ஸ்ட்ரட் வேலை கியர்பாக்ஸ் எண்ணெய் வேலையாக மாறும். உச்சியில் பாடியோடு பிடிக்கும் நட்டுகளைக் கடைசியாகக் கழற்றி, ஸ்ட்ரட்டைக் கீழே கையால் தாங்கி இறக்குங்கள்.

பட்டறைக்காரர் உங்கள் வண்டியைப் பார்க்கப்போவதில்லை. இந்த வழியின் பலவீனம் அதுதான், குறி போட்டால் அது தீர்ந்துவிடும். இடது, வலது என்று எழுதுங்கள். ஹோஸ் பிராக்கெட் இருப்பதால் இரண்டும் ஒன்றல்ல. மவுண்ட்டின் எந்தப் பக்கம் வெளியே பார்க்கிறது என்று அம்பு போடுங்கள். ஸ்பிரிங்கின் கீழ் நுனி தட்டில் உள்ள படியில் சரியாக முட்டி உட்கார வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உச்சி நட்டுக்கு இம்பாக்ட் கன் வேண்டாம், பளபளப்பான ராடை பிளையரால் பிடிக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ராடில் விழும் ஒரு கீறல் சீலை அறுத்து, புது ஸ்ட்ரட் சில மாதத்தில் கசியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கழற்ற ஆரம்பிக்காதீர்கள். பட்டறை பூட்டியிருந்தால் வண்டி ஸ்டாண்டில் நிற்கும், நீங்கள் ஆட்டோ தேடுவீர்கள்.

பொருள் வாங்கும்போது ஒரு பக்கம் மட்டும் என்ற பேச்சே கூடாது. முன் இரண்டும் சேர்த்து, பின் இரண்டும் சேர்த்து. கம்பெனி ஸ்பேர், கேப்ரியல், மன்ரோ, கேஒய்பி எதுவானாலும் ஸ்ட்ரட்டோடு மவுண்ட், மவுண்ட் பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் நான்கையும் வாங்குங்கள். பேரிங் தேய்ந்திருந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுகி ‘டங்’ என்று அடிக்கும். அதற்காக மறுபடி முழு வேலையையும் செய்ய வேண்டிவரும். பழைய ஸ்ட்ரட்டில் துளை போட்டு எண்ணெய் ஊற்றி வெல்டிங் வைக்கும் ரீகண்டிஷன் வேலைக்குப் போகாதீர்கள். புதியதை மாட்டக் கொடுக்கும் முன் நிமிர்த்தி நிறுத்தி, ராடை முழு நீளத்துக்கு நான்கைந்து முறை இழுத்து அமுக்கிவிட வேண்டும். கடை அலமாரியில் படுத்துக்கிடந்ததில் உள் குழாய்க்குள் காற்று போயிருக்கும். அதை வெளியேற்றாவிட்டால் புதியதே பழையதுபோல் தொளதொளக்கும்.

அமெரிக்காவில் ஸ்பிரிங், மவுண்ட் எல்லாம் பொருத்தியே வரும் முழு ஸ்ட்ரட்டுகள் பரவலாக விற்கின்றன: மன்ரோவின் குவிக்-ஸ்ட்ரட், கேஒய்பியின் ஸ்ட்ரட்-பிளஸ். அது கிடைக்கும் இடத்தில் இந்த அலசலுக்கே வேலை குறைவு. ஆனால் வருவது அவர்களுடைய ஸ்பிரிங். உயரமும் விறைப்பும் பழையதோடு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கழுத்தில் பல் இல்லாத போல்ட் என்றால் நக்கிளைப் பழைய கோட்டுக்கு நேராக வைத்துப் பிடித்தபடி முறுக்குங்கள். பல ஹேட்ச்பேக்குகளில் 80 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை வரும். உங்கள் வண்டியின் மேனுவல் சொல்லும் எண்தான் கடைசி வார்த்தை, டார்க் ரெஞ்சு இல்லாமல் இந்த இரண்டு போல்ட்டை மூடாதீர்கள். பூட்டு நட்டு என்றால் புதியது போடுங்கள். கோடு எவ்வளவு சரியாகப் பொருந்தினாலும் வீல் அலைன்மென்ட் உண்டு. கேம்பர் கொஞ்சம் நகர்ந்தாலே, சக்கரங்கள் முன்னால் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணமான டோவும் சேர்ந்து நகரும், டயரின் ஓரம் தின்னப்படும்.

இது ஹேட்ச்பேக், சிறிய செடான்களுக்கான கணக்கு. கனமான எஸ்யுவி, மின்சாரக் கார் என்றால் ஸ்பிரிங்கும் பெரிது, பொருத்தும் விதமும் மாறும். அவற்றுக்கு இதே தீர்ப்பை அப்படியே நீட்ட மாட்டேன். கொக்கிக் கம்ப்ரசரில் பழகிய கை உள்ளவருக்கும் முதல் வழி தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு குடும்ப வண்டியில் பல வருடத்துக்கு ஒருமுறை வரும் வேலை இது. அந்த இடைவெளியில் கை பழகாது.